மலிவுச் சரக்கின் மெய்விலை

வீட்டுக்கு வாங்கிய பொருள் விரைவிலேயே பாழாகிவிடுகிறது என்னும் குறை இன்று எல்லா இல்லங்களிலும் கேட்கிறது. தீபாவளிக்கு வாங்கிய துண்டு பொங்கலுக்குள் தரை துடைக்கும் துணியாகிறது. புதிய போர்வை முதற்சலவையிலேயே சாயம் விட்டு, உடன் ஊறிய வெள்ளை வேட்டியையும் கறைப்படுத்துகிறது. ஜமக்காளம் ஓராண்டில் ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்குகிறது. வாளியின் பிடி கையோடு வருகிறது. பாத்திரத்தின் விளிம்பில் துரு காண்கிறது. “முன்போல் எப்பொருளும் உழைப்பதில்லை” என்று பெரியோர் சொல்லுங்கால், அது முதுமையின் முணுமுணுப்பு என்று இளைஞர் தள்ளிவிடுகின்றனர். அது அவ்வாறு தள்ளத்தக்கதன்று. ஒரு பொருள் உழைப்பதற்கும் உழையாமைக்கும் திட்டமான காரணங்கள் உண்டு. அவற்றை எண்ணலாம், அளக்கலாம், நீரிலும் நெருப்பிலும் இட்டுச் சோதிக்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இவ்விஷயத்தில் இரட்டைப் பொறுப்பு உண்டு. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் இளம்பிள்ளையிலும் இராசிபுரத்திலும் குமாரபாளையத்திலும் துணி நெய்வோர் நாம். அத்துணிக்கு வேண்டிய பருத்தியைப் பயிரிடுவோரும், கஞ்சிக்கு வேண்டிய மரவள்ளியைப் பயிரிடுவோரும் நாம். மாலையில் கடைத்தெருவுக்குச் சென்று துண்டும் போர்வையும் வாங்குவோரும் நாமே. ஆகவே, மலிவுச் சரக்கைப் பற்றிப் பேசும்போது வாங்குபவரின் குறையை மட்டும் சொல்லி நிறுத்த இயலாது. செய்பவரின் நிலையையும் சேர்த்தே சொல்லவேண்டும். நாம் நன்கறிந்த துணியையே முதன்மையாக எடுத்துக்கொண்டு, குற்றம் எவ்வெவ்விடத்தில் புகுகிறது என்பதை இங்கே ஆராய்வோம்.

கூட்டுறவு பிறந்த காரணம்

இக்குறை புதியதன்று. சொல்லப்போனால், கூட்டுறவு இயக்கமே இக்குறையிலிருந்து எழுந்ததுதான். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஆலை நகரத்தில் 1844-ஆம் ஆண்டில் 28 பேர் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். அவர்களுள் நெசவுத் தொழிலாளரும் இருந்தனர். கூலி குறைவு, கடைக்காரரிடம் கடன், கிடைத்த மாவும் சர்க்கரையும் கலப்படம். அந்நிலையில் அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு, அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று ஒரு சிறு கடையைத் திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகிய சில பொருள்களே அங்கிருந்தன. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, கைக்குக் கைப் பணம் என்பவையே அக்கடையின் கொள்கைகள். எல்லாக் கடைகளிலும் மலிவாக விற்போம் என்று அவர்கள் பறைசாற்றவில்லை. ஊர் விலைக்கு நல்ல சரக்கை விற்று, மிஞ்சிய லாபத்தை வாங்கிய அளவுக்கேற்ப அங்கத்தினருக்கே திருப்பித் தந்தனர். உலகெங்கும் உள்ள கூட்டுறவுச் சங்கங்கள் இன்றும் அச்சிறு கடையையே முன்மாதிரியாகக் கொள்கின்றன.

நம் பக்கத்திலும் இவ்வகை முயற்சிக்குச் சான்று உண்டு. சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றிய இராஜாஜி, 1925-ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சுற்றுக் கிராமத்துப் பெண்டிர் நூற்ற நூலை வாங்கி, அதை நெய்வித்து விற்கும் ஏற்பாடு அங்கே நடைபெற்றது. நூற்பவர், நெய்பவர், உடுப்பவர் மூவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தால் ஏமாற்றுக்கு இடம் குறையும் என்பதை அவ்வேற்பாடு காட்டிற்று. 1935-ஆம் ஆண்டில் கைத்தறி நெசவாளரின் தலைமைக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்னும் பெயரால் வழங்குகிறது.

நூலைப் போலச் சேலை

துணியின் ஆயுள் பருத்திக் காட்டிலேயே தொடங்குகிறது. பஞ்சின் இழை நீளமாக இருந்தால், நூற்கும்போது ஓரிழை மற்றோரிழையை நெடுந்தூரம் பற்றி நிற்கும், நூல் வலுப்பெறும். இழை குறுகியதாயின் பிடிப்பும் குறையும். நூல் பஞ்சு பஞ்சாய் எழும்பி விரைவில் தேயும். திருச்செங்கோடு, நாமக்கல், இராசிபுரம் கூட்டுறவு விற்பனைச் சங்கங்களின் பருத்தி ஏலத்தில் டி.சி.எச்., சுரபி, ஆர்.சி.எச். ரகங்களும் கொட்டு ரகமும் வெவ்வேறு விலைக்குப் போவதை நம் அங்கத்தினர் அறிவர். டி.சி.எச். மிக நீண்ட இழையுடையது. ஆதலின் அது மென்மையான உயர் நம்பர் நூலுக்கு ஏற்றது. கொட்டுப் பருத்தி அவ்வாறு நூற்கத்தக்கதன்று. ஏலக் களத்தில் காணும் விலை வேற்றுமை, பின்னர் துணியின் ஆயுள் வேற்றுமையாக வெளிப்படுகிறது.

நூலின் நம்பர் என்பது யாது? ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே அந்நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 16,800 கெஜமும், 40-ஆம் நம்பரில் 33,600 கெஜமும் இருக்கும். நம்பர் ஏற ஏற நூல் மெல்லிதாகும். மெல்லிய நூல் தாழ்ந்தது என்று இதற்குப் பொருளன்று. நீண்ட இழையால் நூற்ற மெல்லிய நூல் வலுவாகவே இருக்கும். குறுகிய இழையைக் கொண்டு நூற்று, மெல்லிய நூலென்று காட்டுமிடத்தில்தான் மோசம் நிகழ்கிறது. அவ்வாறே இரட்டை முறுக்கு நூலுக்கும் ஒற்றை நூலுக்கும் உழைப்பில் பெரும் வேற்றுமை உண்டு. ஒற்றை நூலில் ஓரிடம் மெலிந்திருந்தால் அவ்விடத்திலேயே அறும். இரண்டை முறுக்கினால், ஒன்றின் மெலிவை மற்றொன்று தாங்கும்.

இப்போது மலிவுத் துண்டுகளிலும் போர்வைகளிலும் ஓ.ஈ. நூல் என்பது மிகுதியாகக் காணப்படுகிறது. ஆலையில் சீவிக் கழித்த குறும்பஞ்சையும், பனியன் வெட்டுத் துணியைக் கிழித்துப் பெற்ற பஞ்சையும் கூட அம்முறையில் நூற்க முடியும். கழிவைப் பயன்படுத்துவது நல்லதே. தரை விரிப்புக்கும் துடைப்புத் துணிக்கும் அது தக்கது. ஆயினும் அது பழைய முறையில் நூற்ற நூலைவிட வலுக்குறைந்தது. அதைக் கொண்டு நெய்த துண்டை, நல்ல நூல் துண்டென்று சொல்லி அதே விலைக்கு விற்பது நேர்மையன்று.

விவசாய அங்கத்தினர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பருத்தியை எடுக்கும்போதும் மூட்டை கட்டும்போதும் பழைய உரச்சாக்குகளைப் பயன்படுத்துவதால், அவற்றின் பிளாஸ்டிக் இழைகள் பஞ்சில் கலந்துவிடுகின்றன. அவ்விழை சாயத்தை ஏற்காது. நெய்து சாயமேற்றிய பின்னர், துணியில் வெள்ளைப் புள்ளியாகவும் கீற்றாகவும் அது தோன்றும். அப்போது பழியைச் சாயக்காரர் சுமப்பார். நஷ்டத்தை நெசவாளர் சுமப்பார். பஞ்சு எடுக்கப் பருத்தித் துணிப் பையைக் கொள்வதும், எடை கூடும் என்று நீர் தெளிக்காதிருப்பதும் துணியின் தரத்தைக் காக்கும் முதற்படிகளாகும். ஈரப் பருத்தி மூட்டைக்குள் வெம்பி நிறம் கெடும், இழையும் வலுவிழக்கும்.

ஊடையில் மறையும் சிக்கனம்

நல்ல நூலே வந்து சேர்ந்தாலும், தறியில் தரத்தைக் குறைக்க இயலும். துணியின் நெருக்கத்தைப் பாவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை, ஊடையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கணக்கிடுகிறோம். பாவைக் குறைத்தால் எளிதில் தெரிந்துவிடும். ஊடையைக் குறைத்தால் உடனே தெரியாது. கஞ்சியும் இஸ்திரியும் அதை மறைத்துவிடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். 30 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உடைய துண்டு, அங்குலத்துக்கு 40 ஊடை என்னும் கணக்கில் நெய்யப்படவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுத் துண்டுக்கு 2,400 ஊடை வேண்டும். அங்குலத்துக்கு 32 என்று குறைத்தால் 1,920 போதும். 480 ஊடை மிச்சம். ஒவ்வோர் ஊடையும் 30 அங்குலம். ஆகவே ஒரு துண்டில் 400 கெஜம் நூல் மிச்சமாகிறது. 20-ஆம் நம்பர் நூலில் 42 துண்டுகளுக்கு ஒரு பவுண்டு நூல் மிஞ்சும். அத்துடன் நாடா ஓடும் வேலையிலும் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

42 துண்டுகளுக்கு ஒரு பவுண்டு நூல் என்பது சிறு மிச்சம்தான். ஆனால் அச்சிறு மிச்சத்துக்காகத் துண்டு இழப்பது பெரிது. ஊடை நெருக்கமாக இருந்தால் இழைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி விட்டால், பிழியும்போது இழை நழுவும். நழுவிய இடத்தில் துணி சல்லடையாகும். பின்னர் அவ்விடமே கிழியும். கந்தையானாலும் கசக்கிக் கட்ட வேண்டும் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். இன்றைய மலிவுத் துணியோ, கந்தையாகும் முன்னரே கசக்கலைத் தாங்குவதில்லை.

இதில் நெசவாளர் மீது மட்டும் குற்றம் சுமத்துவது நியாயமாகாது. கொள்முதல் செய்பவர், துண்டுக்கு இன்ன விலைக்குமேல் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, நூல் விலையும் ஏறினால், குறைப்பதற்கு எஞ்சுவது ஊடையும் கூலியுமே. கூலி ஏற்கெனவே குறைந்தது. ஆகவே ஊடை குறைகிறது. மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழ்பவர், அம்மலிவு யாருடைய கூலியிலிருந்து கழிக்கப்பட்டது என்றும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கஞ்சியும் சாயமும்

பாவுக்குக் கஞ்சி இன்றியமையாதது. கஞ்சியிட்ட இழைதான் தறியில் உராய்வைத் தாங்கும். நம் சமவெளியில் விளையும் மரவள்ளியின் மாவும் இவ்வேலைக்குப் பயன்படுகிறது. சேலத்தில் 1981-ஆம் ஆண்டில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக ஜவ்வரிசியுடன் இம்மாவும் விற்பனையாகிறது. தறிக்கு வேண்டிய கஞ்சி வேறு. கடைக்காகப் பூசும் கஞ்சி வேறு. நெருக்கமற்ற துணியை மாவில் தோய்த்து விறைப்பாக்கினால், கைக்குக் கனமாகவும் கண்ணுக்கு நெருக்கமாகவும் தோன்றும். முதற்சலவையில் மாவு கரைந்தோட, கையில் எஞ்சுவது வலையே. நூலின் விலைக்கு மாவை வாங்கி, அதையும் சாக்கடையில் விட்டவர்களாகிறோம்.

சாயத்தின் கதையும் இதுவே. பருத்திக்கு ஏற்ற சாயங்கள் பலவகை. நேர்ச்சாயம் மலிவு, உப்பிட்டுக் காய்ச்சினால் ஏறிவிடும், ஏறியவாறே சலவையில் இறங்கியும் விடும். வாட் சாயம் வெயிலையும் சலவையையும் நன்கு தாங்கும். ஆனால் விலையும் வேலையும் அதிகம். ரியாக்டிவ் சாயம் இழையோடு இரசாயன முறையில் இணைவதால் உறுதியானது. எனினும், இணையாமல் எஞ்சிய சாயத்தைச் சாயமிட்டபின் கொதிநீரில் சோப்பிட்டு அலசி நீக்கவேண்டும். விறகும் நீரும் மிச்சம் என்று அவ்வலசலை விட்டுவிட்டால், உயர்ந்த சாயமும் வாங்குபவர் வீட்டில் வழியும். ஆகவே “நல்ல சாயம்தான் போட்டோம்” என்னும் சொல் போதாது. நல்ல முறையில் போட்டோமா என்பதே கேள்வி.

மேலும், சாயத்தில் மிச்சப்படுத்தியவற்றுள் ஒரு பங்கை ஆறு சுமக்கிறது. சுத்திகரிக்காமல் விடப்பட்ட சாயக் கழிவினால் திருமணிமுத்தாறும், பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியில் காவிரியும் எத்துணைப் பாழாயின என்பதை அக்கரைகளில் பயிரிடுவோர் அறிவர். துண்டின் விலைச்சீட்டில் இச்செலவு எழுதப்படுவதில்லை. கிணற்று நீர் நிறம் மாறிய விவசாயியே அதைச் செலுத்துகிறார்.

பெயரைத் திருடும் சரக்கு

குறைந்த தரத்தைக் குறைந்த தரமென்றே சொல்லி விற்றால், வாங்குபவர் தம் அறிவுக்கேற்ப முடிவு செய்யலாம். ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்பதுதான் கொடிது. குமாரபாளையத்துக்கு எதிர்க்கரையில் உள்ள பவானியின் ஜமக்காளம் இதற்குத் தக்க சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆலைத் துணியின் போட்டியால் தொழில் நலிந்த ஜங்கமர் என்னும் நெசவாளர், முரட்டு நூலும் அழுத்தமான வண்ணப் பட்டைகளும் கொண்ட விரிப்பை நெய்து பெயர் பெற்றனர். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இருந்தும், விசைத்தறியில் நெய்த வெளியூர் விரிப்புகள் பவானி என்னும் பெயரைத் தாங்கிக் கடைகளில் விற்கப்படுகின்றன என்னும் முறையீடு ஓய்ந்தபாடில்லை. வாங்கியவர் ஓராண்டில் விரிப்புக் கிழிந்ததும், “பவானி ஜமக்காளம் இவ்வளவுதான்” என்கிறார். செய்யாத குற்றத்துக்குக் குழித்தறியில் அமர்ந்தவர் தண்டனை அடைகிறார். நம் சேலத்து வெண்பட்டும் புவிசார் குறியீடு பெற்றதே. அதன் பெயரையும் நாம் இவ்வாறே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்குச் சட்டம் உண்டு. வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று, இராஜாஜி சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த 1952-54 காலத்திலேயே வற்புறுத்தினார். கைத்தறிக்கென இரகங்களை ஒதுக்கீடு செய்யும் மத்தியச் சட்டம் 1985-ஆம் ஆண்டில் வந்தது. முதலில் 22 இரகங்கள் ஒதுக்கப்பட்டன. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 1996-ஆம் ஆண்டில் பட்டியல் 11 இரகங்களாகக் குறைந்தது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் எல்லாத் துணியும் கைத்தறிக்கே உரியது என்பதன்று. குறிப்பிட்ட நூலும் கரையும் அமைப்பும் உடையவை மட்டுமே ஒதுக்கப்பட்டவை. மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கக் கைத்தறித் துறையில் அமலாக்கப் பிரிவும் உள்ளது. விதி விவரத்தை அறியாத நெசவாளர் முறையிடவும் அறியார். ஆதலால் ஒவ்வொரு சங்கமும் அப்பட்டியலைத் தமிழில் எழுதி அலுவலகச் சுவரில் மாட்டிவைத்தல் நலம்.

வாங்குபவருக்கு வழிகாட்டும் முத்திரைகளும் உள்ளன. பட்டுக்குச் சில்க் மார்க் 2004-ஆம் ஆண்டிலும், கைத்தறித் துணிக்குக் கைத்தறி முத்திரை 2006-ஆம் ஆண்டிலும், உயர்தரக் கைத்தறிக்கு இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் 2015-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. முன்னது பட்டின் தூய்மையையும், அடுத்தது கையால் நெய்தது என்பதையும், மூன்றாவது நூல், சாயம், நெசவு ஆகியவற்றின் தரத்தையும் குறிக்கும். ஒன்று சொல்வதை மற்றொன்று சொல்லாது.

விசைத்தறித் துணி யாவும் தாழ்ந்தது என்று கருதுவதும் பிழையே. நல்ல நூலும் முழு ஊடையும் கொண்டு விசைத்தறியில் நெய்த துணி நெடுநாள் உழைக்கும். ஊடை குறைத்து நெய்த கைத்தறித் துணி உழையாது. இவ்வட்டாரத்தில் விசைத்தறியை நம்பியும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. நமது வழக்கு எந்தத் தறிக்கும் எதிரானதன்று. பொய்ப் பெயருக்கும் குறைநெசவுக்குமே எதிரானது.

பாத்திரத்திலும் இதே கதை

துணியில் காணும் இம்முறையைப் பாத்திரத்திலும் காணலாம். சேலம் இரும்பாலை 1981-ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய பின்னர், எவர்சில்வர் என்று நாம் வழங்கும் துருப்பிடிக்காத எஃகு இவ்வூரின் பெயரோடு இணைந்துவிட்டது. அவ்வெஃகில் 304 என்னும் வகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் இருக்கும். நிக்கல் விலை மிக்கது. ஆகவே அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை எஃகு மலிவுப் பாத்திரங்களில் புகுந்தது. உப்பும் புளியும் படும் இடத்தில் அது அத்துணைத் தாங்காது. காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்று கடையில் சொல்வார்கள். அது முற்றிலும் சரியன்று. 304, 202 ஆகிய இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் ஒட்டும் 430 என்னும் வகையோ, துருவை நன்கு தாங்குவதே. எனவே காந்தத்தைவிட, பாத்திரத்தின் எடையும், தகட்டின் தடிப்பும், அடியில் பொறித்த தரக்குறியும், ரசீதுமே நம்பத்தக்கவை.

வீட்டுக் கணக்கு

ஒரு கணக்கு இட்டுப் பார்ப்போம். 80 ரூபாய்த் துண்டு நான்கு மாதமும், 200 ரூபாய்த் துண்டு இரண்டாண்டும் உழைப்பதாகக் கொள்வோம். இரண்டாண்டுக்கு மலிவுத் துண்டு ஆறு வேண்டும். செலவு 480 ரூபாய். நல்ல துண்டுக்குச் செலவு 200 ரூபாய். நால்வர் கொண்ட குடும்பத்தில் முறையே 1,920 ரூபாய், 800 ரூபாய். துண்டு என்னும் ஒரு பொருளில் மட்டும் 1,120 ரூபாய் வீணாகிறது. போர்வை, பாய், பாத்திரம், வாளி எல்லாவற்றையும் கூட்டினால் ஏழைக் குடும்பத்தில் ஒரு மாதச் செலவைத் தொடும்.

இதை ஏழை மக்கள் அறியாமலா இருக்கிறார்கள்? நன்கறிவார்கள். கையில் அன்று இருப்பது 80 ரூபாயே என்றால், 200 ரூபாய்த் துண்டின் சிறப்பைச் சொல்லி என்ன பயன்? பணமுள்ளவர் ஒரு முறை வாங்கிச் சிக்கனம் செய்கிறார்; பணமில்லாதவர் ஆறு முறை வாங்கி மேலும் வறியவராகிறார். ஆகவே “தரமானதை வாங்குங்கள்” என்று அறிவுரை கூறுவது மட்டும் போதாது. தரமானதை வாங்க வழி செய்யவேண்டும். கோ-ஆப்டெக்ஸில் அரசு ஊழியருக்குத் தவணை முறை விற்பனை இருந்து வந்துள்ளது. மாதச் சம்பளம் இல்லாத தறிக்காரருக்கும் களையெடுக்கும் பெண்ணுக்கும் அவ்வசதியை அளிக்க அவரவர் சங்கமே முன்வரவேண்டும். ஊதியத்திலோ பருத்தி விற்ற தொகையிலோ சிறு தவணையாகப் பிடித்துக்கொள்வது சங்கத்துக்கு எளிது.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனைகள்

கடையில் நின்றபடியே செய்யக்கூடியவை சில உள்ளன. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வலைபோல் வெளிச்சம் தெரிந்தால் நெசவு நெருக்கமற்றது. துணியின் ஒரு மூலையை இரு கைகளாலும் நன்கு கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அது கஞ்சி. இரு கட்டைவிரல்களால் இழையைக் குறுக்கே தள்ளிப் பாருங்கள்; எளிதில் நழுவினால் ஊடை குறைவு. ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் வண்ணப் பகுதியைத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் வீட்டிலும் வழியும். ஓரம் நேராகவும் இறுக்கமாகவும் உள்ளதா என்று காணுங்கள். ஓரம் தளர்ந்த ஜமக்காளம் முதலில் அங்கேயே பிரியும்.

வீட்டில் ஓரிரு நூலை உருவி எரித்துப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவது போன்ற மணத்துடன் எரிந்து, மென்மையான சாம்பலைத் தரும். பட்டு, மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, நசுங்காத கரிய மணியாக இறுகும். வெண்பட்டு என்று வாங்கிய வேட்டியின் நூல் மணியாக உருண்டால், ஏமாற்றம் வெளிப்பட்டுவிடும்.

சங்கம் செய்யத்தக்கவை

முதலாவது, ஒவ்வொரு சங்கமும் தன் துணியில் நீளம், அகலம், நூல் நம்பர், அங்குலத்துக்குப் பாவும் ஊடையும் எத்தனை, சாயம் எவ்வகை என்பவற்றைத் தமிழில் அச்சிட்ட சீட்டை இணைக்கவேண்டும். எண்ணைச் சொல்லிவிட்டால் எவரும் எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்ப்பார் என்னும் எண்ணமே தரத்தைக் காக்கும்.

இரண்டாவது, கொள்முதலின்போது நெசவாளர் ஒருவர், சாயமிடுபவர் ஒருவர், வாங்கும் அங்கத்தினரான இல்லத்தரசி ஒருவர் என மூவர் குழு துணியைப் பார்வையிடவேண்டும். அங்குல ஊடையை எண்ண ஒரு பெருக்காடி போதும். ஐயமுள்ளவற்றைச் சேலத்து நெசவாளர் சேவை மையத்துக்கு எடுத்துச் சென்று கேட்கலாம். 1960-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகமும் நம் சேலத்திலேயே இருக்கிறது. இத்துணை அருகில் உள்ள அறிவைப் பயன்படுத்தாமலிருப்பது நமக்கே இழப்பு.

மூன்றாவது, முழு ஊடைக்கு முழுக் கூலி என்று தீர்மானம் செய்யவேண்டும். தரத்தைக் கேட்டுக் கூலியைக் கொடாத சங்கம், குறைநெசவுக்குத் தானே அழைப்பு விடுக்கிறது.

நான்காவது, பழுதான துணியை மறுப்பின்றித் திரும்பப் பெற்று, எந்தத் தறி, எந்த நூல்கட்டு, எந்தச் சாயப்பானை என்று குறித்துவைக்கவேண்டும். கோ-ஆப்டெக்ஸ் சில சேலைகளில் நெய்தவரின் பெயரையும் படத்தையும் இணைத்து விற்றதுண்டு. தம் பெயர் துணியோடு போகிறது என்று அறிந்தவர் நான்கு ஊடையை விடமாட்டார். அப்பெயரைக் கண்ட வாங்குபவரும் நான்கு ரூபாய்க்குப் பேரம் பேசத் தயங்குவார்.

ஐந்தாவது, விற்பனைச் சங்கமும் நெசவாளர் சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒரே கூடத்தில் கூடவேண்டும். தம் பஞ்சு எவ்வகை நூலாயிற்று என்று விவசாயியும், தம் நூலில் பிளாஸ்டிக் இழை எங்கிருந்து வந்தது என்று நெசவாளரும் நேரில் பேசிக்கொண்டால், பல குறைகள் கடிதமின்றியே தீரும்.

இவற்றுள் எதற்கும் பெருமுதல் வேண்டியதில்லை. ராச்டேல் மக்களிடமும் பெருமுதல் இருந்ததில்லை. சரியான எடையும் கலப்படமற்ற சரக்குமே அவர்களை நிலைநிறுத்தின. அங்குலத்துக்கு எத்தனை ஊடை என்று அச்சிட்டு, அச்சிட்டபடி நெய்து, நெய்ததற்குரிய கூலியைத் தரும் சங்கத்தைத் தேடி வாங்குவோர் வந்தே தீருவர். அடுத்த பொதுக்குழுவுக்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் வீட்டில் ஓராண்டுக்குள் கிழிந்த துண்டு ஒன்றையும் பல்லாண்டு உழைத்த துண்டு ஒன்றையும் கொண்டு வருக. இரண்டையும் மேசைமீது விரித்து, ஓர் அங்குலத்தில் உள்ள ஊடையை எண்ணியபின் விவாதத்தைத் தொடங்குவோமாக.